அமெரிக்க அதிபர் நூலகங்களில் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருந்தால் எங்கே போகலாம்?

சின்னப் பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், கலிபோர்னியாவில் சிமி வேலியில் உள்ள ரீகன் நூலகம். ஏழு அதிபர்கள் பயணம் செய்த போயிங் 707 விமானத்தையே கூடத்துக்குள் நிறுத்தியிருக்கிறார்கள். ஏறிப் பார்க்கலாம்.

மற்றபடி என் ஓட்டு டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் இருக்கும் லிண்டன் ஜான்சன் நூலகத்துக்கு. இந்த அதிபர் நூலகங்கள் எல்லாம் அந்தந்த அதிபரின் ஆட்சிக்கால ஆவணங்களைச் சேர்த்து வைக்கும் காப்பகங்கள். கூடவே ஓர் அருங்காட்சியகமும் இருக்கும். நடத்துவது தேசிய ஆவணக் காப்பகம் என்றாலும், பல இடங்களில் பணம் போட்டவர்கள் அதிபரின் ஆதரவாளர்கள். அதனால் காட்சிக்கூடத்தில் புகழ்பாட்டு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். ஜான்சன் நூலகமும் விதிவிலக்கல்ல. ஆனால் அங்கே தொலைபேசிகள் இருக்கின்றன.

1960களில் அதிபராக இருந்த ஜான்சன் தன் தொலைபேசிப் பேச்சுகளை ரகசியமாகப் பதிவு செய்தவர். 600 மணி நேரத்துக்கும் மேல் இருக்கிறது. தான் இறந்து 50 ஆண்டுகள் வரை யாரும் கேட்கக்கூடாது என்று நினைத்தார். 1973இல் இறந்தார், நூலகமோ அவர் மனைவியின் சம்மதத்தோடு 1990களிலேயே அந்தப் பதிவுகளை வெளியிடத் தொடங்கிவிட்டது. காட்சிக்கூடத்தில் ஆங்காங்கே இருக்கும் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் மனிதர் பேசுகிறார். கெஞ்சுகிறார், மிரட்டுகிறார், குழைகிறார். 1964இல் ஒரு துணி நிறுவன முதலாளியைக் கூப்பிட்டு, பேன்ட் எங்கே இறுக்குகிறது, எங்கே துணி விட்டுத் தைக்க வேண்டும் என்று அவர் விளக்கிய பதிவு உலகப் பிரசித்தம்.

சிரிப்பு அதோடு சரி. அதே ஆண்டு மே 27 அன்று தன் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியிடம் வியட்நாமைப் பற்றிப் பேசுகிறார். அதற்காகச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை, ஆனால் அதிலிருந்து வெளியே வரவும் முடியாது என்று தோன்றுகிறது என்கிறார். மறு வருடமே தரைப்படையை அனுப்பினார். போர் முடிவதற்குள் அமெரிக்கர்கள் மட்டும் 58,000 பேருக்கு மேல் செத்தார்கள். வியட்நாமியர்கள் பல லட்சம். தெரியாமல் மாட்டிக்கொண்டார் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இதே ஆள்தான் 1964இல் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த சிவில் உரிமைகள் சட்டத்தையும், அடுத்த ஆண்டு கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டத்தையும் கொண்டுவந்தார். 1965இல் அவர் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம் இல்லையென்றால் நம் ஊர்க்காரர்கள் இத்தனை பேர் இன்று அங்கே இருந்திருக்க மாட்டார்கள். அதற்கு முன் இந்தியாவுக்கு இருந்த ஒதுக்கீடு ஆண்டுக்கு வெறும் 100 பேர்!

கண்ணாடிக்குப் பின்னால் நான்கு தளங்களுக்கு அடுக்கியிருக்கும் சிவப்பு ஆவணப் பெட்டிகளைப் பார்க்கத் தவறாதீர்கள். மொத்தம் நாலரைக் கோடிப் பக்கங்களாம். ஜோக் சொல்லும் இயந்திர ஜான்சன் பொம்மையும் உண்டு, எனக்கு ஒட்டவில்லை. அதிபர் அலுவலகத்தின் மாதிரி அசலைவிடச் சற்றுச் சிறியது, பத்து நிமிடம் போதும். மிச்ச நேரத்தைத் தொலைபேசிகளுக்குக் கொடுங்கள். ஆஸ்டின் பக்கம் போக வாய்ப்பே இல்லை என்றாலும் பரவாயில்லை, பெரும்பாலான பதிவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.