வாலையின் சுருள் குழாயில் பச்சைக் களிம்பு: போக்குவது எப்படி?

தரங்கம்பாடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: சித்த வைத்தியரான என் தாத்தா ஓமத் தீநீர் (ஓமத்தைக் காய்ச்சி வடித்த நீர்) எடுத்த வாலை, அதாவது வடிகலம், பல ஆண்டுகளாகப் பரணில் கிடந்தது. அதன் செம்புச் சுருள் குழாய் உள்ளும் புறமும் பச்சை பூத்திருக்கிறது. புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் போதுமா?

வெளிப்புறத்துக்குப் போதும், நன்றாகக் கழுவிவிடுங்கள். உட்புறத்துக்கு வேண்டாம். புளிச்சக்கை சுருளின் வளைவுகளில் தங்கிவிடும். உப்பிலுள்ள குளோரைடு எஞ்சி நின்று செம்பை மீண்டும் அரிக்கும்.

செம்போடு களிம்பு உடன்பிறந்தது என்பது சைவ சித்தாந்தம் உயிரோடு ஒட்டிய ஆணவ மலம் என்னும் அழுக்குக்குச் சொல்லும் உவமை. வேதியியல் இதில் மாறுபடுகிறது: ஈரமும் காற்றும் சேர்ந்து வெளியிலிருந்து கொண்டுவருவதே களிம்பு. உங்கள் ஊரில் கடற்காற்றின் உப்பும் அதற்குத் துணை. பழுப்பாகவோ கறுப்பாகவோ படிந்திருப்பது ஆக்சைடு. மெல்லிய பழுப்புப் படலம் உலோகத்துக்குக் காப்பு என்பதால், குழாய் பளபளக்க வேண்டும் என்று பாடுபடத் தேவையில்லை. போக வேண்டியது பச்சை மட்டுமே.

முதலில், குழாய் காப்பாற்றத்தக்கதா என்று பாருங்கள். ஒரு முனையை அடைத்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, மறு முனையில் காற்றடித்தால், சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதைப் போல ஓட்டை குமிழியிட்டுக் காட்டிக்கொடுக்கும். இணைப்புகளில் கத்தியால் கீறினால் எளிதில் வழித்துவரும் சாம்பல் நிறப் பற்று (இணைப்பை ஒட்டவைத்த உலோகம்) இருந்தால், அது காரீயம் கலந்ததாக இருக்கலாம். உண்ணும் பொருள் வடிக்கும் குழாயில் அதை வைத்துக்கொள்ளக் கூடாது. கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறை எதிலாவது காரீயம் கலக்காத பற்றாக மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்தது பலரும் தவறவிடும் படி. ஓம எண்ணெய் குழாயின் உட்சுவரில் பிசுக்காகப் படிந்திருக்கும். அது இருக்கும்வரை அமிலம் களிம்பைத் தொடாது. ஆகவே ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு தேக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து உள்ளே நிரப்பி, ஒரு மணி நேரம் கழித்து வடித்து, நன்றாக அலசுங்கள். சோடா மிஞ்சினால் பின்னர் விடும் அமிலத்தின் வலு வீணாகும்.

பிறகு சிட்ரிக் அமிலம். மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் தருவார்கள். உள்விட்டம் 10 மில்லிமீட்டரும் நீளம் 5 மீட்டரும் உள்ள குழாய் பிடிப்பது ஏறத்தாழ 400 மில்லிலிட்டர்தான் என்பதால், கை பொறுக்கும் சூட்டில் ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் கரைத்தால் இரண்டு முறைக்கு வரும். சுருளைச் செங்குத்தாக நிறுத்தி வைத்து, ரப்பர் குழாய் மாட்டிக் கீழ்முனை வழியாக நிரப்புங்கள். மேலிருந்து ஊற்றினால் வளைவுகளில் காற்று சிக்கி, அந்த இடங்கள் நனையாமலே போகும். களிம்பு கரையும்போது வாயு வெளிவரும் என்பதால் மேல்முனையை அடைக்காதீர்கள். அரை மணி நேரத்தில் வடியும் கரைசல் நீலப் பச்சையாக இருந்தால் புதிதாக நிரப்புங்கள். இரவு முழுவதும் ஊறவிட்டால் காற்றின் துணையோடு அமிலம் நல்ல செம்பையும் தின்னத் தொடங்கும். கழிவறை கழுவும் அமிலம், பிளீச்சிங் பவுடர், அம்மோனியா எதுவும் வேண்டவே வேண்டாம். வடிந்த கரைசலில் பழைய இரும்பு ஆணிகளை ஓரிரவு போட்டுவைத்தால் செம்பின் பெரும்பகுதி அவற்றில் படிந்துவிடும். அதன் பின்னும் அதை மீன் வளர்க்கும் குளத்தில் கொட்டாதீர்கள்.

கடைசி அலசலுக்குக் கடலோரத்து ஆழ்துளைக் கிணற்று நீர் ஆகாது, மழைநீர் நல்லது. ஆப்ப சோடா ஒரு சிட்டிகை கலந்து ஒரு முறை, வெறும் நீரால் மூன்று முறை அலசியபின், வாலையில் நீரை மட்டும் காய்ச்சி, வடிந்ததை முழுவதும் கொட்டிவிடுங்கள். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் செம்பை இந்தியத் தர அளவு அனுமதிப்பதில்லை. அதிகமானால் குமட்டலும் வாந்தியும் வரும்.

வாலை ஓமத்துக்கு மட்டுமே என்பதை அக்கம்பக்கத்தாரிடமும் சொல்லிவையுங்கள். உரிமமின்றிச் சாராயம் வடிப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். சுருள் குழாயைக் கண்டவுடன் ஊர் என்ன நினைக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஒவ்வொரு முறை வடித்த பிறகும் காற்றடித்து ஈரத்தை வெளியேற்றி, வெயிலில் காயவையுங்கள். முனைகளைத் தக்கையால் இறுக்கினால் ஈரம் உள்ளேயே நிற்கும். கொசுவலைத் துணியால் கட்டினால் காற்றும் போகும், குளவியும் உள்ளே மண்கூடு கட்டாது.