ஆஸ்திரேலியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியக் காப்பீட்டுத் திட்டமான என்.டி.ஐ.எஸ்.ஸின் சிகிச்சை விலை ஜூலை 1 முதல் மாறுகிறது. கிளினிக் மென்பொருளில் பழைய விலையை அழித்துவிட்டுப் புது விலையைப் போட்டால் போதுமா?

போதாது. பழைய விலையின் மேலேயே புது விலையை எழுதிவிடாதீர்கள். மற்றதை எல்லாம் பிறகு நிதானமாகப் படிக்கலாம்; இந்த ஒன்றை மட்டும் ஜூன் 30 இரவு வரை மறக்காமல் இருங்கள்.

உங்கள் கணவர் பிசியோ, சிட்னியில் மூன்று பேர் வேலை செய்யும் சிறிய கிளினிக், இன்வாய்ஸ் வேலை முழுவதும் உங்கள் தலையில் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் மேற்கு சிட்னியில் இதே வேலைதான் பார்க்கிறேன். எங்களிடம் பிசியோ ஒருவர், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருவர், ஸ்பீச் எனும் பேச்சுச் சிகிச்சைக்கு ஒருவர், சைக்காலஜிஸ்ட் ஒருவர். வருகிறவர்களில் பாதிக்கு மேல் என்.டி.ஐ.எஸ். பணத்தில் வருகிறவர்கள். அதனால் ஒவ்வொரு ஜூன் மாதமும் திட்டத்தின் விலை ஆவணம் எப்போது வரும் என்று காத்திருப்பது எனக்கும் பழக்கமாகிவிட்டது.

2025ல் எங்களுக்கு நடந்ததை முதலில் சொல்கிறேன். அந்த ஆண்டு ஏற்றம், இறக்கம் இரண்டும் ஒரே நாளில் வந்தன. கிளினிக் கேட்கக்கூடிய அதிகபட்சத் தொகையான உச்சவரம்பு, பிசியோவின் ஒரு மணி நேரத்துக்கு 193.99 டாலரிலிருந்து 183.99க்கு இறங்கியது. டயட்டீஷியனுக்கும் பாதங்களுக்குச் சிகிச்சை தரும் போடியாட்ரிஸ்டுக்கும் 188.99 ஆனது. ஆக்குபேஷனல் தெரபிக்கும் ஸ்பீச்சுக்கும் 2019லிருந்து இருந்த அதே 193.99 தொடர்ந்தது. சைக்காலஜிஸ்டுக்கு எங்கள் மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் 222.99 ஆக இருந்தது நாடு முழுவதற்கும் ஒரே தொகையாக 232.99 ஆனது. இதோடு, சிகிச்சையாளர் வீட்டுக்குப் போய்வரும் பயண நேரத்துக்கு மணிக்கான வரம்பில் பாதிதான் கேட்கலாம் என்ற விதியும் சேர்ந்தது.

நான் ஜூன் 30 திங்கட்கிழமை இரவு உட்கார்ந்து, மென்பொருளில் பிசியோ, சைக்காலஜி இரண்டுக்கும் இருந்த விலையை அழித்து, புது விலையை எழுதிச் சேமித்துவிட்டுத் தூங்கப் போனேன். பத்து நிமிட வேலை. ஆனால் ஜூன் கடைசி வாரத்தில் பார்த்தவர்களின் நோட்ஸைச் சிகிச்சையாளர்கள் ஜூலை முதல் வாரத்தில்தான் எழுதி முடித்தார்கள். டிராஃப்டாகக் கிடந்த அந்த ஜூன் மாத இன்வாய்ஸ்கள் எல்லாம் புது விலையை இழுத்துக்கொண்டன. பிசியோவுக்கு மணிக்குப் பத்து டாலர் குறைவாகப் போனது. அது எங்கள் நஷ்டம், சரி. சைக்காலஜிக்குப் பத்து டாலர் கூடுதலாகப் போனது. தங்கள் திட்டப் பணத்தை நிர்வகிக்கப் பிளான் மேனேஜர் என்று ஒருவரை வைத்திருக்கிறவர்களுக்கு அனுப்பியது உடனே திரும்பி வந்தது, ஏனென்றால் எந்தத் தேதியில் சேவை கொடுத்தோமோ அந்தத் தேதியின் வரம்புதான் செல்லும். இன்வாய்ஸ் எழுதிய தேதிக்கு இதில் வேலையே இல்லை.

திரும்பி வராதவைதான் என்னை உறுத்தின. தன் பிளான் பணத்தைத் தானே நிர்வகிக்கும் ஒரு அம்மா, மகனுக்காக எங்களிடம் வருகிறவர், ஒரு நோட்டில் ஒவ்வொரு செஷனையும் எழுதிவைப்பார். அவர் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, 26ஆம் தேதி வியாழக்கிழமை செஷனுக்குப் பத்து டாலர் கூட வந்திருக்கே, ஜூலையிலிருந்துதானே ஏறும்னு சொன்னீங்க?” என்று கேட்டார். தானே நிர்வகிப்பவர்களுக்கு உச்சவரம்பு கட்டாயம் இல்லை. அதனால் அந்த இன்வாய்ஸை நடுவில் நிறுத்த எந்த அமைப்பும் கிடையாது. அந்த அம்மா பணம் கட்டி, அதைத் திட்டத்திடம் கிளெய்மும் செய்துவிட்டிருந்தார். நான் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் கிளெய்மைத் திருத்த அவர்தான் தொலைபேசியில் காத்திருக்க வேண்டியிருந்தது. மகனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, எங்கள் தவறுக்காக. அதை இன்றும் நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, இப்போது நாங்கள் செய்யும் முறையைச் சொல்கிறேன். எந்த மென்பொருளானாலும், கிளினிகோ, ஸ்ப்ளோஸ், ஹாலக்ஸி, நூக்கல் எதுவானாலும், அடிப்படை ஒன்றுதான்.

மென்பொருளில் ஒரு சேவையின் பெயரும் விலையும் இருக்கும் பதிவுதான் விலை உருப்படி. பழைய உருப்படியை அப்படியே விட்டுவிட்டு, புதிதாக இன்னொன்று உருவாக்குங்கள். பெயரிலேயே தேதி தெரியட்டும்: “பிசியோ, 2025 ஜூலை 1 முதல்” என்பது போல. ஒவ்வொரு சேவைக்கும் என்.டி.ஐ.எஸ். கொடுக்கும் ஆதரவு எண் மாறாமல் இருந்தால் அதையே இரண்டிலும் போடலாம். ஆனால் மாறவில்லை என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், திட்டத்தின் விலைப்பட்டியலில் பார்த்துவிடுங்கள். அந்த எண்ணின் அமைப்பு தெரிந்தால் தவறு சட்டென்று கண்ணில் படும். ஆக்குபேஷனல் தெரபிக்கு 15_617_0128_1_3. முதல் 15 என்பது அன்றாட வாழ்க்கைத் திறன் வளர்ப்புக்கான பணப்பிரிவு, நடுவில் 617 வரிசை எண், 0128 என்பது சிகிச்சைச் சேவைகளுக்கான பதிவுக் குழு. ஸ்பீச்சுக்கு 15_622_0128_1_3. இரண்டுக்கும் வித்தியாசம் நடுவில் இருக்கும் மூன்று இலக்கம்தான். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஒட்டிவிடுவது சுலபம்.

பழைய உருப்படியை நீக்காதீர்கள். மென்பொருளில் காப்பகத்துக்கு அனுப்பும் வசதி இருந்தால், அதைக்கூட ஆகஸ்டுக்குப் பிறகு செய்யுங்கள். 2024 அக்டோபர் முதல் சேவை கொடுத்து இரண்டு ஆண்டுக்குள் கிளெய்ம் செய்ய வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. ஆக, ஜூன் மாதச் செஷன் ஒன்று விட்டுப்போனது எப்போதாவது தெரிய வந்தாலும், அதற்குப் பழைய விலை கையில் இருக்க வேண்டும்.

புது உருப்படியில் ஜி.எஸ்.டி. எப்படி இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். பழையதில் யாரோ என்றோ வரி இல்லை என்று சரியாக வைத்திருப்பார்கள். புதிதாக உருவாக்கும்போது பத்து சதவீதம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ள வாய்ப்பு உண்டு. கணக்கு மென்பொருளோடு இணைத்திருந்தால், எந்த வருமானத் தலைப்பில் விழ வேண்டும் என்பதையும் மறுபடி குறிக்க வேண்டும்.

அப்புறம், எல்லாரும் மறப்பது: முன்கூட்டியே போட்டுவைத்த அப்பாயின்ட்மென்ட்கள். ஒரு குழந்தைக்குப் புதன்கிழமை நான்கு மணி என்று டிசம்பர் வரை வாராவாரம் போட்டிருப்பீர்கள். அவை எல்லாம் பழைய உருப்படியோடுதான் கட்டப்பட்டிருக்கும். ஜூலை 1லிருந்து வருபவற்றை மட்டும் எடுத்துப் புதியதற்கு மாற்ற வேண்டும். சில மென்பொருளில் மொத்தமாக மாற்றலாம், சிலவற்றில் ஒவ்வொன்றாகத்தான். உங்கள் கிளினிக் அளவுக்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

விலைப்பட்டியல் முழுவதையும் ஒரே சொடுக்கில் உள்ளே கொண்டுவரும் வசதி உங்கள் மென்பொருளில் இருக்கலாம். நான் அதைப் பயன்படுத்துவதில்லை. பட்டியலில் நூற்றுக்கணக்கான உருப்படிகள் இருக்கின்றன, எங்களுக்குத் தேவையோ பத்துப் பன்னிரண்டுதான். அதோடு அதில் இருப்பது உச்சவரம்பு. யாருக்காவது வரம்பைவிடக் குறைவாக வாங்க ஒப்புக்கொண்டிருந்தால், இந்த ஒரு சொடுக்கு சொல்லாமல் கொள்ளாமல் அவர்களுக்கு விலையை ஏற்றிவிடும்.

பயண நேரம்தான் 2025ல் எங்களுக்கு அதிகத் தலைவலி கொடுத்தது. அதுவரை செஷனுக்கும் பயணத்துக்கும் ஒரே விலை. ஆகவே சிகிச்சையாளர் பயணத்துக்கு 20 நிமிடம் என்று பதிந்தால் மென்பொருள் 64 டாலர் 66 சென்ட் போட்டுக்கொள்ளும். பாதி என்றானபின் அது 32 டாலர் 33 சென்ட். இதற்கு விலையை மட்டும் மாற்றினால் நடக்காது, பயணத்துக்கென்று தனி உருப்படி வேண்டும். அதில் ஆதரவு எண் சிகிச்சைக்கு உரிய அதே எண்தான். கிளெய்ம் வகையில் மட்டும் பயணம் என்று குறிக்க வேண்டும். எண்ணை மாற்றிப் போட்டதால் கிளெய்ம் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதில் ஒரு சின்ன விஷயம். 193.99ஐ இரண்டால் வகுத்தால் 96.995. உங்கள் கணவருக்கு உரிய 2025 பிசியோ வரம்பான 183.99ஐ வகுத்தால் 91.995. 188.99, 232.99 இரண்டும் இப்படியே அரை சென்டில் முடிகின்றன. மென்பொருள் 91.995ஐ 92.00 என்று முழுமையாக்கும், அது வரம்பை அரை சென்ட் தாண்டிவிடும். நாங்கள் எப்போதும் கீழ்ப்பக்கமாகவே எழுதுகிறோம்: 91.99, 96.99. கிலோமீட்டருக்கு உரிய வண்டிச் செலவு வேறு, அதற்குத் தனி எண் இருக்கிறது, இந்தப் பாதி விதி அதைத் தொடாது. நகரத்துக்குள் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடத்துக்கு மேல் பயணம் கேட்க முடியாது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மென்பொருளில் அந்த எல்லையைப் போட வழி இருந்தால் போட்டுவிடுங்கள். தொலைதூரப் பகுதிகளுக்கு 40, 50 சதவீதக் கூடுதல் உண்டு, சிட்னியில் இருக்கும் உங்களுக்கு அது வேண்டாம்.

இவ்வளவும் ஆனபின் ஒரு போலி நோயாளியை உருவாக்கி ஒத்திகை பாருங்கள். அவருக்கு ஜூன் 30ல் ஒரு செஷன், ஜூலை 1ல் ஒரு செஷன், ஒரு பயணம், கடைசி நேரத்தில் ரத்தான ஒன்று, ஒரு ரிப்போர்ட். ஐந்துக்கும் இன்வாய்ஸ் எடுத்து, அச்சிட்டு, கால்குலேட்டரில் கூட்டிப் பாருங்கள். திட்ட நிறுவனமே நேரடியாகப் பணம் கொடுப்பவர்களுக்கு மொத்தமாகக் கிளெய்ம் போட சி.எஸ்.வி. கோப்பு எடுப்பீர்கள் அல்லவா, அதையும் எடுத்துப் பாருங்கள். பார்ப்பதோடு நிற்கட்டும், எக்செலில் திறந்து சேமித்துவிடாதீர்கள். அது தேதியின் வடிவத்தை மாற்றிவிடும், கிளெய்ம் போடும் இணையதளமான போர்ட்டல் ஏற்காது. போலி நோயாளியின் இன்வாய்ஸ்களை அன்றைக்கே ரத்து செய்துவிடுங்கள்.

இனி குடும்பங்களோடு பேசுவது. இதை மென்பொருள் வேலையோடு சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் புது விலையை யாருக்குப் போடலாம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. வரம்பு ஏறியது என்பதற்காக நீங்களாக விலையை ஏற்றிவிட முடியாது. குடும்பத்தோடு போட்ட ஒப்பந்தமான சர்வீஸ் அக்ரிமென்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். குறிப்பிட்ட தொகை எழுதியிருந்தால் அவர்களிடம் பேசி, ஒப்புதல் வாங்கி, அதன் பிறகுதான் புது உருப்படிக்கு மாற்ற வேண்டும். வரம்பு இறங்கினால் காத்திருக்க முடியாது, திட்ட நிறுவனமோ பிளான் மேனேஜரோ பணம் கொடுப்பவர்களுக்கு முதல் நாளே இறங்கிவிட வேண்டும். உங்கள் கணவரின் அக்ரிமென்ட்களில் 193.99 என்று எங்காவது எண்ணாக இன்னும் இருந்தால், அதை இப்போதே திருத்துங்கள்.

ஏறும்போது குடும்பத்துக்கு என்ன ஆகிறது என்பதையும் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். சைக்காலஜிக்கு 20 மணி நேரம் என்று 222.99 கணக்கில் 4459 டாலர் 80 சென்ட் ஒதுக்கிய ஒரு பிளானில், பணம் கூடாமல் விலை மட்டும் 232.99 ஆனால் 19 மணி நேரம்தான் வரும். எந்த மாதத்துச் செஷனைக் குறைப்பது என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டும். பிப்ரவரியில் பணம் தீர்ந்தபின் சொல்வதைவிட ஜூனிலேயே சொன்னால், பள்ளி விடுமுறையில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் காப்பாற்றிக்கொள்வார்கள். தமிழ்க் குடும்பங்களாக இருந்தால் தமிழிலேயே பேசுங்கள். தாத்தா பாட்டிதான் குழந்தையை அழைத்து வருகிறார்கள் என்றால், ஒரு தாளில் பழைய விலை, புது விலை, மீதி எத்தனை செஷன் என்று தமிழில் எழுதிக் கொடுத்துவிடுவோம். பத்து வரிதான்.

ஜூலை 1 மட்டும் போதும் என்றும் இருந்துவிட வேண்டாம். கலை, இசை சிகிச்சைக்கான வரம்பு 2025 நவம்பரில், ஆண்டின் நடுவில் மாறியது. விலை ஆவணத்தில் பதிப்பு எண் இருக்கும். நான் மாதம் ஒருமுறை அந்த எண் மாறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் காலண்டரில் குறித்துவைக்கிறேன்.

கடைசியாக, இன்வாய்ஸ் தானாக அனுப்பப்படும் வசதியை ஜூன் 29 அன்றே நிறுத்திவிடுங்கள். ஜூலை முதல் இரண்டு வாரம் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும்: சேவைத் தேதி, ஆதரவு எண், விலை, பயணம். தானே நிர்வகிப்பவர்களின் இன்வாய்ஸ்களை நான் முதலில் எடுத்துவைத்து, காலையில் மூளை தெளிவாக இருக்கும்போது பார்க்கிறேன். மற்றவர்களுடையது மதியத்துக்கு மேல்.