மன்னர் வந்த பிறகு

அண்ணே, வணக்கம். மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல்களை நீங்கள் சிலாகித்து எழுதுகிறீர்கள். எனக்கு அவை எரிச்சலூட்டுகின்றன. மறைந்து திரிந்த அரச வாரிசு கடைசியில் வந்து முடிசூட்டிக்கொள்கிறான், நாடு செழிக்கிறது. ஏற்கெனவே நம்மாட்கள் தேர்தலுக்குத் தேர்தல் ரட்சகனைத் தேடுகிறவர்கள். இதுவும் அதே மயக்கமருந்துதானே?
— ஒரு வாசகர், தொண்டி

தம்பி, வணக்கம்.

பாதி சரி. டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ (1954–55) மூன்றாம் பாகத்தின் தலைப்பே மன்னர் திரும்புவதுதான். ஆனால் அவர் முடிசூடிய பிறகும் கதை ஓடுகிறது. கதையின் நாயகர்களான நான்கு ஹாபிட்டுகளும் (குள்ள உருவ மக்கள்) போர் முடிந்து ஊர் திரும்பினால், மரங்கள் வெட்டிக் கிடக்கின்றன. சுவரில் சட்டதிட்டப் பட்டியல். வெளியிலிருந்து வந்த ரவுடிகள் உண்டு, சரி. ஆனால் அவர்கள் சொன்னபடி ஆளைப் பிடிக்க வருகிற காவலர்கள் உள்ளூர்க்காரர்கள். ‘பிடிக்காவிட்டால் வேலையை விடேன்’ என்கிறான் நால்வரில் ஒருவனான சாம், தெரிந்த காவலன் ஒருவனிடம். விட அனுமதியில்லையாம்! கடைசியில் ஊர்தான் திரண்டு விரட்டுகிறது. மன்னர் அந்தப் பக்கமே வரவில்லை. பீட்டர் ஜாக்சனின் படத்தில் இந்த அத்தியாயம் கிடையாது. நீங்கள் படம் மட்டும் பார்த்திருப்பீர்களோ என்று ஒரு சந்தேகம்.

எனக்கு இந்த நாவல் விளங்கியது ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில். ஒரு விடியலில் விசைப்படகிலிருந்து கூடைகளை இறக்கிக் கொட்டினார்கள். இறால் கொஞ்சம். மிச்சமெல்லாம் விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள், சங்காயம் என்பார்கள். கோழித்தீவனத்துக்குப் போகும். இரண்டு படகு சேர்ந்து இழுக்கிற இரட்டைமடி, தடைசெய்யப்பட்ட வலை. படகுக்காரர் எனக்கு மாமா முறை. கடலை அழியவிட்டார்கள் என்று அரைமணி நேரமாகத் தலைவர்களை வைதுகொண்டிருந்தார்.

“அப்ப இது என்ன மாமா?” என்றேன்.

“அவன் இழுக்குறான். நான் மட்டும் சும்மா கெடந்தா கடல் நெறைஞ்சிருமா மாப்ளே? ரெண்டு மாசம், கடன் அடையட்டும்.”

நாவலில் வருகிற வீரன் போரோமிரும் கெட்டவன் இல்லை. தன் நகரத்தைக் காப்பாற்றத்தான் மோதிரம் கேட்கிறான், அதுவும் இரவலாக. பெரும் சக்தி தரும், வைத்திருப்பவனையே கெடுக்கும் மோதிரம் அது. மந்திரவாதி காண்டால்ஃபுக்கு அது சும்மாவே கிடைக்கிறது, வேண்டாம் என்கிறார். நல்லது செய்கிற ஆசை வழியாகத்தான் அது தன்னைப் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். நமக்கு அவரைப்போல ஒரு தலைவர் வாய்த்தால் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் வந்து மாமாவின் வலையை அவிழ்க்கப்போவதில்லை.

அப்புறம் நீ என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். அன்று மதியம் மாமா வீட்டில் இறால் தொக்கு. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.