இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு படம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கும்பகோணத்தில் இருந்தவரை நினைத்தபோதெல்லாம் படம் வரைவேன். சென்னைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. குரோம்பேட்டையில் வீடு, எழும்பூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வரையலாம் என்று ஒதுக்கி வைத்தால் துணி துவைப்பதிலேயே நாள் போய்விடுகிறது. உட்கார்ந்தாலும் கை ஓடுவதில்லை. தோன்றியபோது வரைவது என்பது இந்த ஊரில் இனி முடியாதா? ஓவிய வகுப்பில் சேர்ந்தால் சரியாகுமா?

கவிதா

அன்புள்ள கவிதா,

வகுப்பு இப்போது வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையையும் விட்டுவிடுங்கள். வாரம் முழுக்கக் காத்திருந்து உட்கார்ந்தால் அந்த ஒரு தாள் நன்றாக வந்தே தீரவேண்டும் என்ற பயம் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். கை ஓடாததற்குக் காரணம் அதுதான்.

உங்களிடம் ரயில் இருக்கிறது. குரோம்பேட்டையில் ஏறினால் பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம் என்று எழும்பூர் வரை பன்னிரண்டு இடைவெளிகள். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடம். ஒரு இடைவெளிக்கு ஒரு ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி அடுத்த ஸ்டேஷனில் நின்றதும், படம் பாதியில் இருந்தாலும் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டும். பாதிப் படங்கள் நிறையச் சேரும், சேரட்டும்.

நோட்டு ஏ6, அதாவது ஏறக்குறைய போஸ்ட்கார்டு அளவுக்கு மேல் வேண்டாம். நின்றுகொண்டே ஒரு கையில் பிடிக்கலாம், பக்கத்தில் இருப்பவர் மேல் முழங்கை இடிக்காது. அது பையின் வெளி ஜிப்பில் இருக்க வேண்டும். டிபன் பாக்ஸுக்கு அடியில் கிடந்தால், எடுப்பதற்குள் தோன்றியது போய்விடும். பேனா சாதாரண பால்பாயிண்ட் போதும். லேசாக அழுத்தினால் சாம்பல் கோடு, அழுத்தினால் கறுப்பு, தாளின் பின்பக்கம் ஊறாது. ரப்பர் எடுத்துப் போகாதீர்கள். ரப்பர் இருந்தால் மூன்று நிமிடத்தில் இரண்டு அழிப்பதிலேயே போகும். தப்பான கோட்டின் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள், இரண்டும் இருக்கட்டும்.

முகத்தில் ஆரம்பிக்காதீர்கள். கண் மூக்கு வரைந்து முடிப்பதற்குள் சைதாப்பேட்டை வந்துவிடும், அந்த ஆளும் இறங்கிவிடுவார். முதலில் தலைக்கு ஒரு முட்டை, தோளுக்கு ஒரு சாய்கோடு, கழுத்திலிருந்து இடுப்புக்கு ஒரு வளைவு. இந்த மூன்றும் பத்து விநாடிதான். நிற்கிறவரின் உயரம் ஏறக்குறைய ஏழு தலை. எல்லோரும் தலையைப் பெரிதாகப் போட்டுவிட்டுக் காலுக்கு இடமில்லாமல் தவிப்பார்கள், ஆகவே பாதம் வரும் இடத்தில் முன்பே ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். மேலே கைப்பிடியைப் பிடித்திருக்கிறவரைக் கவனித்துப் பாருங்கள். பிடித்த கையின் தோள் காதை நோக்கி ஏறியிருக்கும். ஒற்றைக் காலில் பாரம் கொடுத்து நிற்கிறார் என்றால் அந்தக் காலின் பக்கத்து இடுப்பு உயர்ந்திருக்கும். தோளையும் இடுப்பையும் மட்டமாகப் போட்டால் துணிக்கடைப் பொம்மைதான் வரும்.

தூங்குகிறவர்களும் போன் பார்க்கிறவர்களும் அதிகம் அசைய மாட்டார்கள். யாராவது கவனித்துவிட்டு முகம் சுளித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். கேட்டால் நோட்டைக் காட்டுங்கள்.

வாரத்தில் ஒரு நாள் எழும்பூர் மியூசியத்துக்குப் போங்கள். பழைய மெட்ராஸ்காரர்கள் செத்த காலேஜ் என்று சொன்ன அதே இடம்தான். ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம், வெள்ளிக்கிழமை விடுமுறை. அங்கே வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார். ரயிலில் ஓடி ஓடி வரைந்த கைக்கு அசையாத ஒரு உருவம் வேண்டும். நடராஜரை வரையாதீர்கள், அவரைச் சுற்றியுள்ள காலி இடங்களை வரையுங்கள்: மடங்கி ஊன்றிய வலது காலுக்கும் தூக்கிய இடது காலுக்கும் நடுவே ஒன்று, பின்கைக்கும் தலைக்கும் நடுவே ஒன்று. காலியிடங்கள் சரியாக அமைந்தால் கைகால்கள் தாமாகவே சரியாக வந்து நிற்கும். "கை இப்படித்தான் இருக்கும்" என்று மனசில் இருக்கிற கையை வரைவதுதான் எல்லோருக்கும் வரும் கோளாறு. காலியிடத்துக்கு மனசில் படம் கிடையாது, கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

பிரெஞ்சுச் சிற்பி ரோடின் சென்னை மியூசியத்து நடராஜரைப் புகைப்படங்களில் மட்டும் பார்த்து எழுதிய கட்டுரை 1921இல் வெளியானது. அவர் கடைசிக் காலத்தில், நடமாடும் மாடல்களைத் தாளைப் பார்க்காமலேயே வேகமாக வரைந்தவர். நீங்களும் கடைசி ஐந்து நிமிடம் அப்படி வரைந்து பாருங்கள். கண் சிலையின் ஓரத்தில் எறும்பு மாதிரி ஊரட்டும், பேனா அதே வேகத்தில் பின்னால் போகட்டும். படம் கோணலாகத்தான் வரும். ஆனால் முழங்கால் எங்கே மடங்குகிறது என்பது அந்தக் கோணல் கோட்டில் சரியாக விழுந்திருக்கும்.

வண்ணம் பூச ஆசை வந்தால் 200 ஜிஎஸ்எம் கனமுள்ள தடித்த தாளுக்கு மாறுங்கள், மெல்லிய தாள் சுருண்டுவிடும். இந்த ஊரின் புழுக்கத்தில் ஈரம் காய நேரம் எடுக்கும். அவசரமாக மூடினால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும், நடுவே ஒரு மை ஒற்றுத்தாள் வையுங்கள்.

மூன்று நோட்டு நிறைந்த பிறகும் வகுப்பு வேண்டும் என்று தோன்றினால் சேருங்கள். ஆளை எதிரே உட்காரவைத்து வரையச் சொல்கிற இடமாகப் பாருங்கள். புகைப்படத்தில் கட்டம் போட்டு நகலெடுக்கச் சொன்னால் அங்கே பணம் கட்டாதீர்கள்.

அன்புடன்