சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று மட்டும் கேட்கிறது: படகு இஞ்சின் கேள்வி பதில்

உவரியிலிருந்து: அண்ணாச்சி, என் பாய்மரப் படகின் டீசல் இஞ்சினில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் மோட்டார் சுற்றவில்லை. பேட்டரி வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. செல்ஃபைக் கழற்றிக் கடையில் கொடுத்துவிடலாமா?

பதில்: கழற்ற வேண்டாம், முதலில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுங்கள். அந்தச் சத்தம் வருகிறது என்றால் சொலினாய்டு (பேட்டரி மின்சாரத்தைச் செல்ஃபுக்கு இணைத்துவிடும் காந்த சுவிட்ச்) இழுக்கிறது, அதாவது சாவியிலிருந்து வரும் மெல்லிய ஒயர் தன் வேலையைச் செய்துவிட்டது. செல்ஃபைச் சுழற்ற நூறு ஆம்பியருக்கு மேல் தேவைப்படும். அது கனமான கேபிள் வழியில் எங்கோ நின்றுபோகிறது.

பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் மட்டும் அது நல்ல பேட்டரி என்று முடிவு கட்டாதீர்கள். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, மீட்டரின் முனைகளைக் கிளாம்பில் வைக்காமல் பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே வைத்துப் பாருங்கள். 9.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது அது தளர்ந்துவிட்டது. 12 வோல்ட்டை ஒட்டியே நின்றால் பேட்டரியின் மேல் குற்றமில்லை.

அடுத்து, சாவியைத் திருப்பியபடியே, பாசிட்டிவ் கம்பத்துக்கும் சொலினாய்டில் கேபிள் வந்து சேரும் பெரிய போல்ட்டுக்கும் இடையே அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தக் கேபிளிலோ மெயின் சுவிட்சிலோ களிம்பு ஏறியிருக்கிறது. நெகட்டிவ் கம்பத்துக்கும் செல்ஃபின் உடம்புக்கும் இடையிலும் அவ்வாறே பாருங்கள். சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கிடையே 12 வோல்ட் அப்படியே நின்றால் உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கிறது. இவை எல்லாம் சரியாக இருந்து, மோட்டாருக்குச் செல்லும் போல்ட் வரை முழு வோல்ட் வந்தும் சுற்றவில்லை என்றால், மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். அப்போதுதான் கடைக்குப் போக வேண்டும். நானே ஒருமுறை புது செல்ஃப் வாங்கி மாட்டிய பிறகு, எர்த் போல்ட்டுக்கு அடியில் யாரோ பெயின்ட் அடித்து வைத்திருந்ததைக் கண்டு தலையில் கை வைத்தேன்.

தூத்துக்குடியிலிருந்து: எனக்கு அந்த ‘டக்’ சத்தமும் இல்லை. பேனல் விளக்கு மட்டும் எரிகிறது.

பதில்: அப்படியானால் கோளாறு மெல்லிய ஒயர் வழியில் இருக்கிறது. ஃபியூஸ், சாவி சுவிட்ச், கியர் நியூட்ரலில் இருந்தால் மட்டும் இணையும் சுவிட்ச் ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். ஒயர்க்கட்டின் நடுவே வரும் பிளக்கைப் பிரித்து, பின்கள் பச்சை பிடித்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். சாவியைத் திருப்பும்போது சொலினாய்டின் சிறிய முனையில் 10 வோல்ட்டுக்கும் குறைவாக வந்தால் அது இழுக்காமல் போகலாம். பேனலிலிருந்து இஞ்சின் வரை நீண்ட ஒயர் ஓடும் படகுகளில், இஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

இடிந்தகரையிலிருந்து: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. விட்டுவிட்டு ஐந்து நிமிடம் சுற்றிப் பார்த்தேன்.

பதில்: இனிமேல் கடல்நீர் வால்வை மூடாமல் அப்படிச் சுற்றாதீர்கள். இஞ்சின் ஓடாதபோது, பம்ப் இழுக்கும் உப்புநீரைப் புகைக்குழாய் வழியே வெளியே தள்ளப் புகையின் அழுத்தம் இருக்காது. நீர் மஃப்ளரில் நிறைந்து சிலிண்டருக்குள் திரும்பிவிடும். இஞ்சின் பிடித்த கணமே வால்வைத் திறக்க மறக்கக் கூடாது. பத்து வினாடி சுற்றினால் ஒரு நிமிடம் செல்ஃபை ஆற விடுங்கள். மின்சாரப் பக்கத்தில் பார்க்க வேண்டியவை இரண்டுதான்: டீசலை நிறுத்தும் ஸ்டாப் சொலினாய்டு மூடிய நிலையிலேயே நிற்கிறதா, ஸ்டார்ட் செய்யுமுன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் உள்ள இஞ்சினாயின் அதற்கு 12 வோல்ட் வருகிறதா. இவை சரியென்றால் டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து: ஸ்குரூ டிரைவரை வைத்துச் சொலினாய்டை நேரடியாக இணைத்து ஸ்டார்ட் செய்யலாமா?

பதில்: நடுக்கடலில் வேறு வழியில்லாதபோது மட்டும் செய்யலாம். அப்போது நியூட்ரல் சுவிட்சின் காவல் இல்லாததால், கியரைக் கையால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பேட்டரிப் பெட்டியைத் திறந்து காற்றாட விட்டு, அதனருகே பொறி பறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வெடிக்கும்.

கூத்தன்குழியிலிருந்து: டெர்மினலைத் தேய்த்துச் சுத்தம் செய்தாலும் கச்சான் காற்று வீசிய சில வாரங்களில் மறுபடி களிம்பு ஏறுகிறது.

பதில்: வெறும் செம்புக் கேபிளை மாற்றி, வெள்ளீயம் பூசிய செம்பு இழைக் கேபிளைப் போடுங்கள். கேபிள் முனையில் வரும் உலோக வளையமான லக்கை முறையாக அழுத்திப் பொருத்திச் சுருக்குக்குழாயால் மூடி, போல்ட்டை முறுக்கிய பிறகு மேலே வாஸலின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இஞ்சின் ஓடும்போது மட்டும் பேட்டரியைப் பிரிக்காதீர்கள், ஆல்டர்னேட்டரின் டையோடு போய்விடும்.