வட அயர்லாந்தில் துப்பாக்கிகள் ஓய்ந்த விதம்

கேள்வி: வட அயர்லாந்தில் கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்டுகளும் முப்பது ஆண்டுகள் மோதிக்கொண்டது மதத்துக்காகத்தானா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: யார் எந்தப் பக்கம் என்பதைக் காட்டும் அடையாளமாகவே மதம் இருந்தது, சண்டை வழிபாட்டைப் பற்றியதன்று. 1921-இல் அயர்லாந்து பிரிக்கப்பட்டபோது வடக்கின் ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு நின்றன. அங்கே சிறுபான்மையாகிவிட்ட கத்தோலிக்கர்களுக்கு அரசு வீடுகளிலும் வேலைகளிலும் உரிய பங்கு கிடைக்கவில்லை. உள்ளாட்சித் தேர்தலில் வீட்டுவரி செலுத்துவோருக்கும் அவர்தம் துணைவருக்குமே வாக்கு என்ற விதி இருந்ததால், வீடு கிடைக்காதவருக்கு வாக்கும் கிடைக்கவில்லை. டெரி நகரில் கத்தோலிக்கர்களே பெரும்பான்மையினராக இருந்தும், வட்டங்களின் எல்லைகள் வரையப்பட்ட விதத்தால் நகரமன்றம் அவர்கள் கைக்கு வரவில்லை. இதை எதிர்த்து 1968 அக்டோபரில் அங்கே ஊர்வலம் சென்றவர்களைக் காவல்துறை தடியால் அடித்தது. 1972 ஜனவரி 30 அன்று அதே நகரில் பிரிட்டிஷ் படையினர் ஆயுதமற்ற ஊர்வலத்தினரைச் சுட்டதில் அன்றே 13 பேர் இறந்தனர். முறையாகக் கேட்டால் எதுவும் கிடைக்காது என்று முடிவுகட்டிய இளைஞர்கள் அதன்பின், வடக்கை அயர்லாந்தோடு இணைக்கப் போராடிய ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ.வில் பெருமளவில் சேர்ந்தார்கள். ஒன்றுபட்ட அயர்லாந்தில் தாம் கரைந்துபோவோம் என்று புராட்டஸ்டண்டுகள் அஞ்சியதையும் நாம் பொய் என்று தள்ளிவிட முடியாது. அவர்களிடமும் ஆயுதக் குழுக்கள் இருந்தன. மாண்டவர்கள் சுமார் 3,500 பேர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பொதுமக்கள்.

கேள்வி: ஆயுதத்தைக் கீழே வைத்தால்தான் பேச்சு என்று அரசுகள் சொல்வது நியாயம்தானே?
(வாசகி, மதுரை)

பதில்: கேட்க நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் வட அயர்லாந்தில் அந்த நிபந்தனையால் பேச்சு முடங்கிக் கிடந்தபோது, 1996 பிப்ரவரியில் லண்டனில் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டு வெடித்து, அது அறிவித்திருந்த போர்நிறுத்தம் முறிந்தது. ஆயுத ஒப்படைப்பும் பேச்சும் ஒருங்கே நடக்கட்டும் என்று நடுவராக இருந்த அமெரிக்கர் ஜார்ஜ் மிட்செல் அதற்கு முன்பே சொல்லியிருந்தார். 1998 ஏப்ரல் 10 அன்று உடன்பாடு ஏற்பட்டது, ஐ.ஆர்.ஏ. தன் ஆயுதங்களை முழுமையாகக் கைவிட்டதோ 2005-இல்தான். பெரும்பான்மை மக்கள் வாக்களித்தாலன்றி வட அயர்லாந்தின் நிலை மாறாது, அங்கே பிறந்தவர் தம்மை ஐரிஷ்காரர் என்றோ பிரிட்டிஷ்காரர் என்றோ இரண்டுமாகவோ கொள்ளலாம், இரு சமூகத்தாரும் சேர்ந்தே ஆள வேண்டும் என்று அந்த உடன்பாடு வகுத்ததால், எந்தத் தரப்பும் தோற்றுப்போனதாக எண்ண வேண்டியிருக்கவில்லை. இதையே நான் அதன் உயிர்நாடியாகக் கருதுகிறேன். அதே ஆண்டு ஆகஸ்டில் வட அயர்லாந்தின் ஓமா நகரில் குண்டு வெடித்து 29 பேர் இறந்தபோதும் உடன்பாடு முறியவில்லை. ஆயினும், 1972-இல் சுடப்பட்டவர்களின் குடும்பங்கள் ஒரு பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்பதைக் காண 2010 வரை காத்திருந்தன. வட அயர்லாந்தின் தலைநகர் பெல்ஃபாஸ்டில் இரு சமூகங்களின் தெருக்களைப் பிரிக்கும் சுவர்கள் பல இன்னும் இடிக்கப்படவில்லை.