வாட்ச் 104 காட்டுகிறது, எனக்கோ மூச்சு வாங்குகிறது

கேள்வி: எனக்கு வயது 54. ரத்த அழுத்தத்துக்காக மெட்டோப்ரோலால் மாத்திரை சாப்பிடுகிறேன். காலையில் வேகமாக நடந்தால் வியர்த்துக் கொட்டுகிறது, மூச்சும் வாங்குகிறது. ஆனால் ஸ்மார்ட் வாட்ச்சில் இதயத் துடிப்பு 104-ஐத் தாண்டுவதே இல்லை. 130 வரை போனால்தான் பலன் என்கிறான் மகன். இன்னும் வேகமாக நடக்கட்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் மகன் 220-இல் வயதைக் கழித்து, அதிகபட்சத் துடிப்பு 166 என்று வைத்து, அதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் என்று கணக்குப் போட்டிருப்பார். மாத்திரை எதுவும் சாப்பிடாதவர்களுக்கே அந்தக் கணக்கு பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்னே பின்னே இருக்கும். உங்களுக்கு அது பொருந்தவே பொருந்தாது.

மெட்டோப்ரோலால், அட்ரினலின் போய் இதயத்தை விரட்டாதபடி தடுக்கிற மருந்து. ஓய்விலும் சரி, நடையிலும் சரி, துடிப்பைக் குறைத்தே வைக்கும். தசைகளுக்கு வேண்டிய ரத்தத்தை இதயம் ஓரளவு வேறு வழியில் ஈடுகட்டும்: ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் கூடுதலாக வெளியே தள்ளும். ஆகவே 104 என்றால் நீங்கள் சோம்பலாக நடக்கிறீர்கள் என்று அர்த்தமில்லை. மாத்திரை அதன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? உங்கள் உடம்பு சொல்வதை வைத்துத்தான். சுவீடன் உளவியலாளர் குன்னார் போர்க் இதற்கென்றே ஓர் அளவுகோல் வகுத்தார். அது 6-இல் தொடங்கி 20-இல் முடியும். சும்மா உட்கார்ந்திருப்பது 6. இனி ஓர் அடிகூட முடியாது என்பது 20. ஏன் 6-இல் ஆரம்பம் என்றால், ஆரோக்கியமான இளைஞர் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய அவருடைய துடிப்பு வரும். உங்களுக்கு இந்தப் பெருக்கல் சரிப்படாது, ஆனால் அளவுகோல் சரிப்படும். 12, 13, அதாவது 'கொஞ்சம் சிரமம்தான், ஆனாலும் தொடர முடியும்' என்ற நிலை போதும். எண் ஞாபகம் இருக்காது என்றால் பேசிப் பாருங்கள். கூட வருபவரிடம் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு முட்டினால் வேகத்தைக் குறையுங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் அதே தூரம், அதே வேகம் கூடுதல் சிரமமாக இருக்கும். உடலைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்கும் போக வேண்டியிருக்கிறதே! அந்த நாட்களில் மெதுவாக நடப்பதில் குறையொன்றும் இல்லை.

வாட்ச்சையும் முழுதாக நம்பாதீர்கள். பட்டை தளர்வாக இருந்தால் சில நேரம் அது துடிப்பை விட்டுவிட்டுக் காலடியை எண்ணிக்கொண்டிருக்கும்.

ஒன்று மட்டும் நீங்கள் எழுதவில்லை: இந்த மூச்சு வாங்கல் எப்போதிலிருந்து? முன்பு சுலபமாக நடந்த தூரத்துக்கே இப்போது வாங்குகிறது என்றால், இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து ஈசிஜி, எக்கோ எடுத்துவிடுங்கள். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். சில நிமிடத்தில் அடங்கவில்லை என்றால் 108-ஐ அழையுங்கள். அடங்கிவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். அப்புறம், துடிப்பு ஏறவில்லையே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி, மாரடைப்புவரை போகலாம்.